நாற்பது கேள்விகளும் ஒரு மீனும்

வீடு பார்க்கப் போகிற இடத்தில் மீன்தொட்டி இருந்தால், தொட்டியைப் பார்க்காதீர்கள். மீனைப் பாருங்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்த உருப்படியான விஷயம் இது. ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. பெற்றோரின் தகுதியை அளக்க நான் ஒரு காலத்தில் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று தயாரித்தேன், அது மிக நன்றாக இருந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன் பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டீர்கள். தயாரித்தது உண்மை. நன்றாக இருந்தது என்பது பொய். என்னிடம் இப்போது பிரதி இல்லை. ஹைதராபாத் அமீர்பேட்டில் தேடினால் இன்னும் கிடைக்கலாம். அது ஏன் அங்கே கிடைக்கும் என்பதையும், நான் ஏன் அதைத் தொடுவதை விட்டேன் என்பதையும் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வருமுன் ஏழு வருடம் செகந்திராபாத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். அங்கே எனக்கு வாய்த்த செய்தி ஆசிரியருக்கு அடைமொழி என்றால் ஆகாது. 'பயங்கரத் தீ' என்று எழுதினால், 'சாதுவான தீயை எங்கே பார்த்தாய்?' என்று கேட்பார். எத்தனை கடை எரிந்தது, எத்தனை மணிக்கு அணைந்தது, அவ்வளவுதான் வேண்டும். நீதிமன்றத்துக்கு வந்து பார்த்தால், இங்கே இருந்த பழைய அறிக்கைகள் முழுக்க அடைமொழி. 'தாய் பாசமிக்கவர். தந்தை பொறுப்புள்ளவர்.' அல்லது எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால், மாற்றி. இதை வைத்துக்கொண்டு ஒரு நீதிபதி ஒரு குழந்தையை யாரிடம் நிரந்தரமாக ஒப்படைப்பது என்று தீர்மானிக்க வேண்டும்.

அதனால்தான் படிவம் செய்தேன். எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய விஷயங்கள். முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, எங்கே? குழந்தை தூங்கப் போகும் நேரம் என்ன? தடுப்பூசி அட்டை எங்கே? வீட்டுப்பாடத்தை யார் பார்க்கிறார்? குழந்தை பராமரிக்க ஓர் உயிர் இருக்கிறதா: செடி, மீன், பூனை? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். நீதிபதி படித்துவிட்டு, 'கடைசியில் ஒருவர் பாசத்தைக் கிலோவில் எழுதாமல் விட்டார்' என்றார். ஆந்திராக்காரர், சிரிக்காமல் சிரிப்பு மூட்டுகிறவர். நியாயம் கருதி, படிவத்தின் பிரதியை இரு தரப்பு வக்கீல்களுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். எனக்கும் சரியென்றே பட்டது.

ஒரு வருடத்துக்குள், மென்பொருள்காரர்கள் குடியிருக்கும் மாதாப்பூர் பக்கத்து வீடுகள் மாறத் தொடங்கின. எந்தப் பிளாட்டுக்குப் போனாலும் ஃப்ரிஜ்ஜின் இடது பக்கம், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளைப் பெட்டி. கதவுக்குப் பின்னால் உயரம் அளக்கும் ஒட்டகச்சிவிங்கிப் படம். கூடத்தில் மீன்தொட்டி. தாய் வீட்டில் தொட்டி, தந்தை வீட்டிலும் தொட்டி. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு படிவத்தால் ஊரையே திருத்த முடிகிறதே என்று நினைத்தேன். இதை எழுதும்போது இன்றைக்கும் காது சுடுகிறது.

அப்போதுதான் குமரவேல், ஹேமலதா வழக்கு வந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். இருவரும் மென்பொருள் கம்பெனிக்காரர்கள். அவர் ஈரோடு, அவர் மனைவி தூத்துக்குடி. இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம். பிரிந்து இரண்டு வருடம். மகள் வர்ஷாவுக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும், அல்லது இங்கிலீஷில். இடைக்கால உத்தரவின்படி ஒரு வாரம் அப்பா வீடு, ஒரு வாரம் அம்மா வீடு. இரண்டு பிளாட்டுக்கும் ஆட்டோவில் பத்து நிமிடம். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஹேமலதாவின் கம்பெனி அவரைச் சென்னைக்கு மாற்றியது. ஜூனில் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரம் ஹைதராபாத், ஒரு வாரம் சென்னை என்று ஒரு நான்காம் வகுப்புக் குழந்தையை அனுப்ப முடியாது. இனி ஒருவருக்குப் பள்ளி நாட்கள், இன்னொருவருக்கு விடுமுறைகள். யாருக்கு எது என்பதுதான் கேள்வி.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, குமரவேல் வீட்டுக்குப் போனேன். கூட எங்கள் அட்டெண்டர். என் வயதுக்காரர். வீட்டில் பேசுவது உருது, எழுதப் படிக்கத் தெலுங்கு, எங்களோடு பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட தமிழ். வீடு பார்க்கப் போனால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருப்பார். மளிகைப் பட்டியல்கூட விடமாட்டார்.

மணி அடிக்குமுன் கதவு திறந்தது.

"வாங்க மேடம், வாங்க. முதல்ல கிச்சனுங்களா, இல்ல பெட்ரூமுங்களா?"

"எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்."

"அப்ப கிச்சனுங்க. ஃபர்ஸ்ட் எய்டு இங்க இருக்குதுங்க. டெட்டால், பேண்டேஜ், காய்ச்சல் மருந்து. மருந்தோட கடைசித் தேதி வெளிய தெரியற மாதிரி திருப்பி வெச்சிருக்கறனுங்க."

நான் தூக்க நேரத்தைப் பற்றிக் கேட்க வாய் திறந்தேன். அவர், "ஒம்பது மணிங்க. பதினேழுங்களா அடுத்தது?" என்றார். படிவத்தின் பிரதி வக்கீலிடம் இருக்கும், படித்திருப்பார், தவறில்லை என்று விட்டுவிட்டேன்.

நடுவில் அவருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கால் வந்தது. அங்கே சனிக்கிழமை ராத்திரி, ஏதோ சர்வர் படுத்துவிட்டதாம். போனை மேஜையில் ஸ்பீக்கரில் வைத்தார். வர்ஷா வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் விரல் மியூட் பொத்தானுக்கு மேலே நின்றது. குக்கர் விசில் அடிக்க ஒரு நொடி முன்னால் அமுக்கினாள். விசில் அடங்கியதும் எடுத்தாள். அப்பா இருமப் போகும்போது அமுக்கினாள். அட்டெண்டர் தும்ம வாய் திறந்தபோதும் அமுக்கிவிட்டாள். எதிர்முனையில் இருந்தவர்கள் குமரவேல் ஏதோ மடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக நினைத்திருப்பார்கள்.

தொட்டியில் ஒரே ஒரு ஆரஞ்சு மீன். வாலின் நுனியில் சின்னக் கிழிசல். குறித்துக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையில் சுருள்கம்பி போட்ட நோட்டு ஒன்று திறந்து கிடந்தது. ஓரத்தில் பென்சிலால் தெலுங்குக் கையெழுத்து, குழந்தைக் கையெழுத்து. அதையும் மூன்றடி தூரத்திலிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டேன்: 'தெலுங்கு வீட்டுப்பாடம் தவறாமல் நடக்கிறது.' இருபத்து மூன்றாவது கேள்விக்கு ஒரு மதிப்பெண்.

அடுத்த ஞாயிறு ஹேமலதா வீடு.

"வாங்க மேடம். காபி குடிக்கியளா? இல்ல, ஆபீசர் ஒண்ணும் குடிக்கக் கூடாதோ?"

"தண்ணீர் போதும்."

"வர்ஷா, ஆன்ட்டிக்கு ஃபில்டர் தண்ணி எடுத்துட்டு வா. ஃபில்டர் தண்ணிதான் மேடம் குடிப்போம்." தண்ணீர் ஒன்பதாவது கேள்வி.

ஃப்ரிஜ்ஜின் இடது பக்கம் பெட்டி. ஒட்டகச்சிவிங்கி. தொட்டி. ஆரஞ்சு மீன், வால் நுனியில் கிழிசல். குறித்துக்கொண்டேன். புத்தக அலமாரியில் சுருள்கம்பி நோட்டு, பென்சில் தெலுங்கு. அறிக்கையில் ஒருபடி மேலே போய், 'ஒரே பாடத்தைக் குழந்தை இரு வீடுகளிலும் தொடர்கிறாள். இரு பெற்றோரும் ஒத்துழைக்கிறார்கள்' என்று எழுதினேன்.

கூட்டிப் பார்த்தேன். அப்பா நாற்பது. அம்மா நாற்பது. படிவம் பிறந்த நாளிலிருந்து யாரும் முப்பத்தாறு தாண்டியதில்லை.

நீதிபதி அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"மேடம், டை ஆகியிருக்கிறது. என்ன செய்யலாம்? டாஸ் போடலாமா?"

"இந்த வீட்டில் ஆரஞ்சு மீன், வால் கிழிந்தது. அந்த வீட்டிலும் ஆரஞ்சு மீன், வால் கிழிந்தது. ஹைதராபாத்தில் எல்லா மீனுக்கும் வால் கிழிந்துதான் இருக்குமா?"

பத்திரிகையில் ஏழு வருடம், இங்கே ஒன்பது வருடம். இரண்டு வாரத்தில் இரண்டு தடவை அந்த வாலைத் துல்லியமாக வர்ணித்து, தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒரே மீன் என்று தோன்றவில்லை.

"பத்து நாள் தருகிறேன்," என்றார். "ஜூனில் பள்ளி திறந்துவிடும். ஒருவரிடமிருந்து அந்தக் குழந்தையை நான் எடுத்தாக வேண்டும். காரணம் எழுத எனக்கு முதலுதவிப் பெட்டியைத் தவிர வேறு ஏதாவது வேண்டும்."

வெளியே வந்து கேன்டீனில் உட்கார்ந்தேன். அட்டெண்டர் இரானி சாய் வாங்கி வந்து முன்னால் வைத்தார்.

"கைக்கு மேடம், ஏன் இவ்வளவு டென்ஷன்?"

சொன்னேன். அவர் சாயில் பிஸ்கட்டை நனைத்தபடி கேட்டார்: "அந்த பாப்பா எழுதினதைப் படிச்சுட்டும் நீங்க ரெண்டு பேருக்கும் ஃபுல் மார்க் போட்டீங்களே, அதான் எனக்கு ஆச்சரியம்."

"எந்த எழுத்து?"

"அந்த நோட்ல. தெலுங்குல. நீங்க பாத்தீங்களே?"

"அது வீட்டுப்பாடம்."

"நஹி மேடம்," என்றார் அவர் வருத்தத்தோடு. "அது வீட்டுப்பாடம் இல்ல. வீட்டைப் பத்தின பாடம்."

நோட்டின் அட்டையில் கடை முத்திரையைப் பார்த்திருந்தாராம்; அன்று மாலையே என்னை அமீர்பேட்டுக்கு அழைத்துப் போனார். கம்ப்யூட்டர் வகுப்புகள் நடக்கும் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை. கயிற்றில் வரிசையாகச் சுருள்கம்பி போட்ட பாடக்குறிப்பு நோட்டுகள் தொங்கின. ஜாவா மெட்டீரியல், ஆரக்கிள் மெட்டீரியல், டெஸ்டிங் மெட்டீரியல். டெஸ்டிங்குக்குப் பக்கத்தில் 'கஸ்டடி மெட்டீரியல்'. என்னுடைய நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் மாதிரி விடை. முதல் பக்கத்தில் 'அடிக்கடி செய்யும் தவறுகள்' என்று ஒரு பட்டியல். நடந்தது இதுதான்: ஏதோ ஒரு வக்கீலின் குமாஸ்தா படிவத்தை அங்கே நகலெடுக்கக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் தொழில் வழக்கப்படி தனக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"நல்லா மூவ் ஆகுதா?" என்று அட்டெண்டர் கடைக்காரரிடம் தெலுங்கில் விசாரித்தார்.

"ஜாவா அளவுக்கு இல்லை," என்றார் அவர். "ஆனா இதை வாங்கினவங்க ரிட்டர்ன் வர்றதில்லை. எங்க போறாங்களோ, அந்த மேடம் யாரோ, எல்லாரையும் பாஸ் பண்ணிடறாங்களாம்."

அந்த மேடம் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்தார்.

அது வர்ஷா அப்பாவிடம் இருக்கும் வாரம். போய், குமரவேலை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, அவளோடு பால்கனியில் உட்கார்ந்தேன். அந்த நோட்டைப் பார்க்கலாமா என்று தெலுங்கில் கேட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஆன்ட்டி, மீகு தெலுகு ஒச்சா?"

"நான் பிறந்ததே செகந்திராபாத்தில். உன்னைவிட நன்றாகத் தெரியும்."

அவளுடைய திட்டம் முழுவதும் ஒரே ஒரு உண்மையின் மேல் நின்றிருந்தது. அவளைச் சுற்றியுள்ள பெரியவர்கள் இருவருக்கும் இந்த ஊரில் எட்டு வருடமாகியும் தெலுங்கு படிக்கத் தெரியாது. அதனால் அவள் அதைப் பூட்டு மாதிரி பயன்படுத்தியிருந்தாள். மேஜையில் திறந்து போட்டால்கூட யாரும் படிக்க முடியாத டைரி. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு நோட்டைக் கொண்டு வந்தாள்.

அச்சடித்த மாதிரி விடைகளுக்குப் பக்கத்தில் அவளுடைய விடைகள் இருந்தன. தூங்கும் நேரம், ஒன்பது மணி: 'டாடி கால் முடிந்தால்.' காலை உணவு, பலவகை: 'மேகி. ஞாயிற்றுக்கிழமையும் மேகி. ஆனால் கேரட் போடுவார்.' பராமரிக்க ஓர் உயிர்: 'பக். வீடு மாறும் நாளில் தண்ணீர் பாட்டிலில் நானே எடுத்துப் போவேன். ஸ்கூலில் மிஸ்ஸுக்குத் தெரியாது.' பக் என்பது மீனின் பெயர்; மென்பொருளில் பிழைக்குச் சொல்வது. அப்பா வைத்தது.

"இரண்டு பேருக்கும் நீதான் சொல்லிக்கொடுத்தாயா?" என்று தெலுங்கிலேயே கேட்டேன். அவளும் அதிலேயே சொன்னாள்.

"வைவா எடுத்தேன். டாடி மூணு தடவை ஃபெயில். அம்மா ஒரு தடவை."

"எதுக்கு?"

என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எங்க ஸ்கூல்ல ரெண்டு பேரு ஃபர்ஸ்ட் வந்தா, ரெண்டு பேருக்கும் கப் குடுப்பாங்க ஆன்ட்டி."

கடைசிப் பக்கத்தில் நாற்பதுக்குக் கீழே அவளே பென்சிலால் கோடு போட்டு ஒன்று சேர்த்திருந்தாள். 'நாற்பத்தொன்று. இங்கே அம்மாவைப் பற்றிப் பேசலாமா?' பக்கத்தில் விடை: 'பேசலாம். டாடி ஒரு நிமிடம் மியூட் ஆகிவிடுவார். அப்புறம் அம்மா சாப்பிட்டாளா என்று கேட்பார்.'

அடுத்த வாரம் அம்மா வீட்டு நோட்டையும் காட்டினாள். அதே இடத்தில் அதே கோடு. 'நாற்பத்தொன்று. இங்கே டாடியைப் பற்றிப் பேசலாமா?' விடை: 'கூடாது. அம்மா கிச்சனுக்குப் போய்விடுவாள். பாத்திரம் சத்தம் வரும்.'

இப்போது என் நிலையைப் பாருங்கள். நிருபராக இருந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைக்காத செய்தி அது. அடைமொழி ஒன்றுகூட இல்லை. அப்படியே எடுத்து அறிக்கையில் போட்டால் வழக்கு முடிந்தது. நீதிபதி கேட்ட காரணம் கையில். கெடுவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். இரண்டு மேற்கோள்களையும் போட்டேன். அச்செடுத்துப் படித்தேன். மிக நன்றாக இருந்தது.

பிறகு, அறிக்கையின் பிரதி இரு தரப்புக்கும் போகும் என்பது நினைவுக்கு வந்தது. எப்போதும் போகிறதுதான். அப்படிப் போன பிரதியால்தான் அமீர்பேட்டு விவகாரமே வந்தது. ஹேமலதா அதைப் படிப்பார். மகளை இழந்ததற்குக் காரணம் மகளே எழுதிய ஒரு வரி என்று படிப்பார். இரண்டு பேருக்கும் கப் வாங்கிக் கொடுக்கப் பாடுபட்ட பிள்ளை, ஒருவரைத் தோற்கடித்த சாட்சியாக ஆகிவிடும். அதுவும் சத்தியம் செய்து கொடுத்த என் கையால். கிழித்துப் போட்டேன். ஜெராக்ஸ் கடை ஞாபகத்தில், சின்னத் துண்டுகளாகவே கிழித்தேன்.

கேள்வி மட்டும் என்னிடம் இருந்தது. கேள்வியைக் கேட்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இருவரையும் தனித்தனியாக என் அறைக்கு வரச் சொன்னேன்.

குமரவேலிடம், "குழந்தை உங்களிடம் நிரந்தரமாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் அம்மா வேண்டும் என்று அழுகிறாள். என்ன செய்வீர்கள்?" என்றேன்.

அவர் மனதுக்குள் பக்கம் புரட்டுவது தெரிந்தது. "இது... மெட்டீரியல்ல இல்லைங்களே மேடம்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

"இல்லை. நீங்களே சொல்லுங்கள்."

"அழுதா அழட்டுங்க. என்னங்க பண்றது? நானும் கூட உக்காந்து அழுவனுங்க. அப்பறம் அவங்கம்மாவுக்குப் போன் போட்டுக் குடுத்துட்டு, நான் வெளிய போயிருவனுங்க. அவங்க பேசறப்ப நான் எதுக்குங்க நடுவுல?"

ஹேமலதா தயாராக வந்திருந்தார். "குழந்தையோட கவனத்தைத் திருப்புவேன் மேடம். தேவைப்பட்டா நல்ல கவுன்சிலர்ட்ட கூட்டிட்டுப் போவேன்." என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நான் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தேன். அவர் புன்னகை மெதுவாகக் கலைந்தது.

"அவ அழமாட்டா மேடம்," என்றார். "ரெண்டு வருசத்துல அவுக அப்பாவை நெனச்சு ஒரு தடவைகூட அழுததே இல்ல. என் முன்னால அழமாட்டா." பிறகு, "அது நல்ல விசயம்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்" என்றார்.

இந்த இரண்டு விடைகளையும், சொன்னது சொன்னபடி, அறிக்கையில் எழுதினேன். மதிப்பெண் போடவில்லை. நீதிபதி இரண்டு தடவை படித்தார். பிறகு வர்ஷாவை அறைக்குள் அழைத்து அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. வெளியே வரும்போது அவள் கையில் அவருடைய சிவப்புப் பேனா இருந்தது. அவர் தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நிரந்தரப் பொறுப்பு தந்தைக்கு. விடுமுறைகள் தாய்க்கு. குமரவேல் பகல் ஷிப்டுக்கு மாற வேண்டும். தினமும் ஒரு போன், ஸ்பீக்கரில் போடாமல், குழந்தை தனியாக இருந்து பேச. "இங்கே அவரைப் பற்றிப் பேசலாம், அங்கே இவரைப் பற்றிப் பேசலாம் என்றும் ஒரு வரி சேர்க்க ஆசைதான்," என்றார் நீதிபதி என்னிடம். "ஆனால் மீறினால் எதை ஜப்தி செய்வது?"

தீர்ப்புச் சொன்ன அன்று ஹேமலதா தாழ்வாரத்தில் எனக்காகக் காத்திருந்தார். அழுது முடித்து முகம் கழுவியிருந்தார்.

"மேடம், அந்தப் பொஸ்தகத்துல வர்ஷா என்னமோ எழுதி வச்சிருக்கா. உங்களுக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியும்லா?"

"தெரியும்."

"சொல்லமாட்டிய."

"மாட்டேன்."

தலையை ஆட்டினார். "எட்டு வருசம் மேடம். இந்த ஊர்ல நான் வாசிக்கது பஸ் நம்பர் மட்டும்தான்." கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஜூன் முதல் வாரத்தில் அட்டெண்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். செகந்திராபாத் ஸ்டேஷனில், முதல் பிளாட்பாரத்துப் புத்தகக் கடையில், ஹேமலதாவைப் பார்த்தாராம். பெட்டி படுக்கையோடு. தமிழ் வழியாக முப்பது நாளில் தெலுங்கு கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினாராம்.

"நிஜமாகவா?"

"ஹவ், ஆமா மேடம். சென்னைக்குப் போறவங்க தெலுங்கு புக் வாங்கறாங்க. இங்க இருந்தப்ப வாங்கலை."

தசரா விடுமுறை முடிந்த வாரம் குமரவேல் என் அறைக்கு வந்தார். பகல் ஷிப்டுக்கு மாறியதில் கொஞ்சம் உடம்பு போட்டிருந்தார். பையிலிருந்து சுருள்கம்பி நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அம்மா வீட்டு நோட்டு. லீவு முடிந்து வரும்போது வர்ஷா கொண்டுவந்திருக்கிறாள்.

"கடைசிப் பக்கம் பாருங்க மேடம். மேல இருக்கறது புள்ள எழுத்து. கீழ இருக்கறது பெரியவங்க எழுத்துங்க. அம்மாவும் மகளும் எனக்குத் தெரியாம என்னமோ எழுதிக்கறாங்க. கேட்டா சிரிக்கறா. என்னங்க இது?"

பார்த்தேன். நாற்பத்தொன்று. 'கூடாது. அம்மா கிச்சனுக்குப் போய்விடுவாள்.' அதற்குக் கீழே, இரண்டு தடவை அழித்து எழுதிய, கோணல்மாணலான தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை: 'செப்பு.' சொல்லு, பேசு என்று அர்த்தம். அதன் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் வர்ஷா ஒரு டிக் போட்டிருந்தாள். நீதிபதியின் பேனா என்று நினைக்கிறேன்.

நோட்டை மூடி அவரிடமே கொடுத்தேன்.

"ஸ்டேஷனில் முதல் பிளாட்பாரத்தில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. முப்பது நாள் ஆகும்."

"நீங்களே படிச்சுச் சொல்லீட்டா ஒரு நிமிசமுங்களே மேடம்?"

"ஆமாம்."

அவர் என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். "முப்பது நாளெல்லாம் வேண்டாமுங்க," என்றார். "பதினஞ்சு நாள்ல முடிச்சுடறேன்."

மென்பொருள்காரர்கள் சொல்லும் எல்லாக் கெடுவையும் போல அதுவும் தள்ளிக்கொண்டே போயிற்று. சங்கராந்தி வாரத்தில், கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, போன் அடித்தது.

"மேடம், குமரவேலுங்க. அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டனுங்க." பக்கத்தில் வர்ஷா ஏதோ சொல்லித் திருத்துவது கேட்டது. "செ... ப்பு. செப்பு. சரிங்களா?"

"சரி," என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். லைன் இருந்தது. யாரோ மியூட் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். ஒரு நிமிடம் காத்திருந்தேன்.